அசையாத காற்றும் தெற்கு வெயிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், லடாக்கில் வெயிலை நம்பியே குளிர்காலத்தைக் கழிக்கும் வீடுகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், குளிரில் கஷ்டப்படும் தமிழர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் என்று தெரிகிறது. ஊட்டி, கொடைக்கானல், ராணுவக் குடும்பங்கள், கனடா. எல்லாக் கடிதங்களுக்கும் இடமில்லை, ஒரே மாதிரி இருந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார், இப்போது லே பக்கம் போஸ்டிங். பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டுக்கு டீ குடிக்கப் போனாராம். வெளியே மைனஸ் 12 டிகிரி, உள்ளே அடுப்பே எரியவில்லை, ஆனாலும் ஜெர்கினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன் என்கிறார். என்னைத் தைரியப்படுத்த அப்படிச் சொல்கிறாரா? மண் வீட்டுக்குள் அது எப்படி முடியும்? (வேலூர் மாவட்ட வாசகி)

அவர் சொன்னது உண்மைதான் அம்மா, நிம்மதியாக இருங்கள். நானே ஒரு ஜனவரி மாதம் அப்படி ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன்.

லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் கடுமைதான், ஆனால் மழை மேகங்களை இமயமலை தடுத்துவிடுவதால் வானம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், காற்றும் லேசானது, வறண்டது, அதனால் டிசம்பரிலும் நடுப்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். நிழலில் நின்றால் விரல் விறைத்துப்போகும், நாலடி தள்ளி வெயிலுக்கு வந்தால் குல்லாவைக் கழற்றத் தோன்றும். வெயில் வருகிறது, ராத்திரிவரை தங்குவதில்லை, அவ்வளவுதான் அங்கே சிக்கல். வீட்டைக் கட்டுகிறவர் அதைத் தங்கவைக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

டிசம்பர் 21 அன்று லேயில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 32 டிகிரிக்கு மேல் ஏறாது, தெற்கே தாழ்வாகவே நகர்ந்துவிட்டுப் போய்விடும். ஜூனில் 79 டிகிரி, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். தெற்குச் சுவரில் ஏழடி உயரத்துக்குக் கண்ணாடி வைத்திருந்தால் டிசம்பர் வெயில் அறைக்குள் பதினோரு அடி வரை போய் விழும். அதே கண்ணாடியில் ஜூன் வெயில் ஒன்றேகால் அடிதான் நுழையும், ஒரு சின்ன சன்ஷேட் போட்டால் அதுவும் வராது. குளிர்காலத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, கோடையில் வாசலோடு திருப்பி அனுப்ப, எந்த மெஷினும் தேவையில்லை.

உள்ளே வந்த வெயில் தரையிலும் சுவரிலும் பட்டுச் சூடாகிறது. அந்தத் தரையும் சுவரும் திருப்பி அனுப்புகிற வெப்பக் கதிரைக் கண்ணாடி நேராக வெளியே விடாது, சூடான காற்றுக்கும் வெளியே போக வழியில்லை, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறினால் சுடுகிறதே, அதே காரணம். ஆனால் அந்தச் சூட்டைச் சேமித்து வைக்க அறைக் காற்றை நம்ப முடியாது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோஜூலுக்குச் சற்று மேல் போதும், அதே அளவு மண் சுவருக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். அதாவது காற்று சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும், மண் மெதுவாக வாங்கி மெதுவாகத் தரும். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல, பகல் வெயிலை மண் சுவரில் கொட்டி வைக்கிறார்கள்.

இதிலேயே இன்னொரு வகை உண்டு, டிராம்ப் சுவர் என்பார்கள். பிரான்ஸில் பிரனீஸ் மலையிலுள்ள ஓடெய்யோ என்ற ஊரில் ஃபெலிக்ஸ் டிராம்ப் என்ற விஞ்ஞானியும் ழாக் மிஷெல் என்ற கட்டடக் கலைஞரும் 1967இல் கட்டிய வீட்டால் அந்தப் பெயர் வந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் என்பவர் 1881லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தெற்குப் பக்கச் சுவரை ஓர் அடி கனத்தில் கட்டி, வெளிப்பக்கம் கறுப்பு அடித்து, அதற்கு முன்னால் நாலைந்து விரல் இடைவெளி விட்டுக் கண்ணாடி போட்டுவிடுவார்கள். கறுப்புச் சுவர் வெயிலைக் குடிக்கும், அந்தச் சூடு சுவருக்குள் மெல்ல மெல்ல நடந்து எட்டுப் பத்து மணி நேரம் கழித்து உள்பக்கம் வந்து சேரும். நான் தங்கிய வீட்டில் படுக்கப் போகும் முன் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், இட்லிப் பானையை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆனபின் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு இதமான வெதுவெதுப்பு. வடக்குச் சுவரில் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது.

அந்தச் சுவரில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை விட்டிருந்தார்கள். பகலில் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள காற்று சூடாகி எழும்பி மேல் துளை வழியாக அறைக்குள் வரும், அறையின் குளிர்ந்த காற்று கீழ்த் துளை வழியாக உள்ளே போய் அந்த இடத்தை நிரப்பும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். ராத்திரி என்ன ஆகும்? கண்ணாடி குளிர்ந்துவிடும், இடைவெளிக் காற்று கனத்துக் கீழே இறங்கி அறைக்குள் வழியும், அறையின் சூடான காற்றை மேல் துளை இழுத்துக்கொள்ளும். பகலில் சம்பாதித்ததையெல்லாம் ராத்திரி திருடிக்கொண்டு போய்விடும்! அதைத் தடுக்க மேல் துளையின் அறைப்பக்கம் ஒரு வலை அடித்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பகலில் அது காற்றில் லேசாகத் தூக்கிக்கொண்டு படபடக்கும், இருட்டியதும் பின்னால் இழுபட்டு வலையோடு அப்படியே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். பத்துப் பைசா பெறாத தாள், செய்கிற வேலை பெரிது.

இன்னொரு காட்சியும் மனதில் நிற்கிறது. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய அந்த நிமிடமே அந்த வீட்டு அமா லே (அம்மாவை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய் எல்லாக் கண்ணாடிகளின் மேலும் கனத்த மெத்தைத் திரையை இழுத்து மூடினார். ஓரம் இடுக்கு இல்லாமல் கீழே ஒரு கட்டையை வைத்து அழுத்தினார். சட்டியை இறக்கியதும் மூடி போடுவது போல அவ்வளவு இயல்பாக. இதைச் செய்யாமல் விட்டால் அத்தனை பெரிய கண்ணாடி ராத்திரியில் பெரிய ஓட்டைதான்.

லேக்குப் பக்கத்தில் ஃபே என்ற கிராமத்தில் லடாக் பொறியாளர் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் 1988இல் தொடங்கிய செக்மோல் என்ற கல்வி அமைப்பின் வளாகம் இருக்கிறது. இடித்துக் கெட்டித்த மண் சுவர், தெற்கே கண்ணாடி, குளிர்காலத்தில் அதற்கு முன்னால் பிளாஸ்டிக் தாள் கட்டிய பசுமைக்குடில், கோடை வந்ததும் தாளைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். வெளியே மைனஸ் 15 வரை போகும் நாட்களிலும் உள்ளே 14, 15 டிகிரி நிற்கிறது, அறைகளைச் சூடாக்க நிலக்கரியோ மண்ணெண்ணெயோ எரிப்பதில்லை. அங்குள்ள பெரிய கட்டடத்துக்கு 2016இல் பிரான்ஸின் லியோன் நகரில் மண் கட்டடங்களுக்கான சர்வதேச டெரா விருது கிடைத்தது. உங்கள் வீட்டுக்காரர் போன்றவர்களுக்காகவும் வாங்சுக் 2021இல் பத்து ஜவான்கள் தங்கக்கூடிய ஒரு வெயில் கூடாரம் செய்து காட்டினார், தனித்தனித் துண்டுகள், எதுவும் 30 கிலோவைத் தாண்டாது, தோளில் தூக்கிப் போகலாம். ராத்திரி 10 மணிக்கு வெளியே மைனஸ் 14, உள்ளே பிளஸ் 15 என்று படத்தோடு போட்டிருந்தார். புகாரி என்கிற, அறையைச் சூடாக்கும் அடுப்பின் புகையில் ராத்திரி முழுக்க இருமுகிற ஜவான்களை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேள்வி: ஊட்டியில் நாலு வருடம் முன்பு புதுவீடு கட்டினோம். வடக்குப் பார்த்த வாசல், முன்பக்கம் முழுக்க அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், மேலே கான்கிரீட் தளம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஹாலில் உட்கார முடியவில்லை, ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் தாங்கவில்லை. லடாக் மாதிரி தெற்குச் சுவரை உடைத்துக் கண்ணாடி வைக்கலாமா? தெற்கே திறப்பு வேண்டாம் என்று மாமியார் தடுக்கிறார். (ஊட்டி வாசகி)

சுவரை இப்போதைக்கு உடைக்காதீர்கள். முதலில் ஒரு ஊதுபத்தியை ஏற்றிக்கொண்டு, வெளியே காற்று வீசுகிற ஒரு சாயங்காலத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்லைடிங் ஜன்னலின் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். புகை நேராக மேலே போனால் சரி. இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நடுப்பகுதியிலும், கீழே தண்டவாளத்தில் தண்ணீர் வடிய விட்ட துளைகளிலும், வாசல் கதவின் அடியிலும் புகை சட்டென்று படுத்துக்கொண்டு ஓடும் பாருங்கள், அங்கேதான் உங்கள் ஹீட்டர் காசு போகிறது. ஸ்லைடிங் ஜன்னல்களுக்கு என்றே பிரஷ் மாதிரி பஞ்சுப் பட்டை விற்கிறார்கள், தேய்ந்துபோயிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தண்ணீர் வடியும் துளையை மட்டும் ஒரேயடியாக அடைத்துவிடாதீர்கள், மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். கதவடிக்கு ரப்பர் பட்டை. இவ்வளவுக்கும் சில ஆயிரம் ரூபாய் ஆகும், சுவர் உடைக்கிற செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது.

அடுத்தது ஜன்னல் சட்டம். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால்தான் காலையில் சட்டத்தில் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். அதை மாற்றச் சொல்ல மாட்டேன். வடக்கு ஜன்னலில் பாதியை உள்பக்கமிருந்து இன்னொரு அடுக்குக் கண்ணாடி அல்லது அக்ரிலிக் தகடு போட்டு மூடிவிடலாம், வடக்கே குளிர்காலத்தில் நேர் வெயில் வராது, வெளிச்சத்துக்கு மீதிப் பாதி போதும். ராத்திரிக்கு, தரையைத் தொடுகிற அளவுக்குக் கனமான திரை.

தளத்துக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதற்குமேல் கல்பஞ்சு (ராக்வுல், சூட்டைத் தடுக்க வைக்கிற பஞ்சு) போன்ற எதையாவது நிரப்பினால் பெரிய வித்தியாசம் தெரியும். சூடான காற்று மேலேதான் போய்த் தேங்கும், அங்கே வெறும் கான்கிரீட் இருந்தால் உங்கள் சூடு நேராக ஆகாயத்துக்குத்தான்.

இனி தெற்குக்கு வருவோம். ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.4 டிகிரியில் இருக்கிறது, லே 34இல். டிசம்பரிலும் ஊட்டியில் நடுப்பகல் சூரியன் 55 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும், தெற்குக் கண்ணாடியில் சாய்வாகத்தான் விழும், லே மாதிரி அறை முழுக்கப் பாயாது. இன்னொன்று, உங்கள் ஊரில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காலை நேரம் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் பல நாள் மூடிக்கொள்ளும். அதனால் உங்களுக்குக் கிழக்கு ஜன்னல்தான் முதல் சம்பாத்தியம், தெற்கு இரண்டாவது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் நாள் கணக்கில் வெயிலே இருக்காது, ஆனால் குளிரும், அப்போது எந்தப் பக்கம் கண்ணாடி வைத்தும் பிரயோஜனம் இல்லை, மூடிப் பாதுகாத்த சுவரும் கூரையும்தான் கைகொடுக்கும். லடாக்கில் செய்ததை அப்படியே ஊட்டியில் செய்யச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அந்தந்த ஊர் வானத்தைப் பார்த்துத்தான் வீடு.

மாமியாரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: வாசல் வடக்கிலேயே இருக்கட்டும், யாரும் மாற்றப் போவதில்லை, தெற்கே வைப்பது திறக்காத கண்ணாடி மட்டும். அவர் பேச்சையும் மீறாமல் வெயிலும் வந்துவிடும். பெரியவர்களுக்கு முதுகில் வெயில் படுகிற நாற்காலி ஒன்றை அங்கே போட்டுக் கொடுத்தால் மீதியை அந்த வெயிலே பேசிக்கொள்ளும்.

புதிதாகக் கட்டப் போகும் மலையூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் ட்ராப் பாண்ட் முறையில் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள், ஒன்பது அங்குலச் சுவருக்குள்ளேயே மூன்று அங்குலம் அளவுக்குப் பொந்துகள் விழும். செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சம், அந்தப் பொந்துக் காற்றே சுவருக்குக் கம்பளி. வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்க வேண்டும், கலவையைப் பொந்துக்குள் கொட்டி நிரப்புகிறவர் கையில் மாட்டினால் பயன் போய்விடும்.

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் டொரண்டோவில் பழைய வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். யன்னல் எல்லாம் ஒற்றைக் கண்ணாடி. கடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் விற்கிறார்கள், யன்னலில் ஒட்டி ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டுமாம். இவ்வளவு மெல்லிய தாள் மைனஸ் 20 குளிரை மறிக்குமா? (ஸ்கார்பரோ வாசகி)

தாள் மறிக்காது தங்கச்சி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் மாட்டிக்கொள்கிற காற்றுதான் மறிக்கும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அசையாத காற்றைவிடக் கண்ணாடி நாற்பது மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், செங்கல் ஏறக்குறைய முப்பது மடங்கு. ஒற்றைக் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சுமார் 5.7 வாட் வெளியேறும். இரட்டைக் கண்ணாடியில் அது 2.8 ஆகப் பாதியாகிறது. கண்ணாடியின் கனமா குறைத்தது? நடுவில் சிக்கிய காற்றுதான். தாள் ஒட்டினால் நீங்களும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறீர்கள்.

ஆனால் ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மரச்சட்டத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை நாலு பக்கமும் விடாமல் ஒட்டி, தாளை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு வாருங்கள். மூலையில் சுருக்கம் விழுந்தால் கவலைப்படாதீர்கள், டிரையரை ஓரிரு அங்குலம் தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே இருந்தால் தாள் இறுகி, டமாரத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும், தட்டினால் சத்தம் வரும். ஓர் இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை இருந்தாலும், வீட்டு ஈரக்காற்று உள்ளே போய்க் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராக வழியும், பின்னர் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். படுக்கையறையில் தப்பிக்கிற வழியாக இருக்கும் ஒரு ஜன்னலையாவது ஒட்டாமல் விடுங்கள்.

நம் சமையலில் ஆவி அதிகம். சோறு வடிக்கிறோம், பிட்டு, இடியப்பம் அவிக்கிறோம், ரசம் கொதிக்கிறது, ஜன்னல் எல்லாம் வியர்க்கிறது என்று அங்கிருந்து எழுதாதவர் இல்லை. அடுப்புக்கு மேலுள்ள ஃபேனை ஆவி வரும் நேரம் முழுக்க ஓடவிடுங்கள், குளித்தபின் குளியலறை ஃபேன் இருபது நிமிடம் ஓடட்டும். கொஞ்சம் சூடு போகும்தான், பரவாயில்லை, சுவரில் பூஞ்சணமும் குழந்தைக்கு இழுப்பும் வருவதைவிட அது மேல்.

வெயில் விஷயத்தில், டொரண்டோவில் டிசம்பர் நடுப்பகல் சூரியன் 23 டிகிரிதான், வருகிற நாளில் தெற்கு ஜன்னல் வழியாக வீட்டின் நடுப்பகுதி வரை பாயும். மேகமூட்டமான நாட்கள் அங்கே நிறைய, அதனால் லடாக் கணக்குப் போட முடியாது. வேலைக்குப் போகும்போது பிளைண்டை எல்லாம் மூடிவிட்டுப் போகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது, தெற்குப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், இருட்டியதும் மூடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்றும் பட்டனை அழுத்திப் பார்த்துவிடுங்கள், எரிபொருளில் ஓடும் ஃபர்னஸ் உள்ள வீட்டில் அது ஒன்டாரியோவில் சட்டப்படி கட்டாயம், வாடகை வீட்டில் வீட்டுக்காரர்தான் வைத்துத் தர வேண்டும்.

கேள்வி: காற்று இவ்வளவு நல்ல தடுப்பு என்றால் இடைவெளியை ஓர் அடி, இரண்டடி என்று விட வேண்டியதுதானே? அலுமினிய ஃபாயில் ஒட்டினால் நல்லது என்கிறார்களே, எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும்? (கோவை வாசகர்)

இடைவெளி கூடினால் பலன் கூடும் என்பது கொஞ்ச தூரம் வரைதான். இரட்டைக் கண்ணாடியில் 12 முதல் 16 மில்லிமீட்டர் வரை நல்லது. அதற்குமேல் இடம் கிடைத்ததும் காற்று உள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும், சூடான கண்ணாடி ஓரமாக ஏறி, குளிர்ந்த கண்ணாடி ஓரமாக இறங்கி, சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் மறுபக்கம் கொடுத்துவிட்டு வரும். சுவர் இடைவெளியிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் வெறும் காற்றுக்குப் பெரிய லாபம் இல்லை. நாலு அங்குலம் இருக்கிறதா, பஞ்சையோ வைக்கோலையோ மரத்தூளையோ அடையுங்கள், அவை காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து நகரவிடாமல் பிடித்து வைக்கும். கம்பளியும் குருவி இறகும் செய்வது அதே வேலைதான்.

ஃபாயில் பற்றி: சாதாரண இடைவெளியைத் தாண்டிப் போகிற சூட்டில் பாதிக்கு மேல் கதிராகப் போகிறது, காற்று அதைத் தடுக்காது. பளபளப்பான பரப்பு தடுக்கும். எந்தப் பக்கம் என்பதைவிட, பளபளப்புக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும் என்பதே முக்கியம். செங்கலோடும் பலகையோடும் இரண்டு பக்கமும் ஒட்டி நசுக்கிவிட்டால் அது வெறும் உலோகத் தகடு, சூட்டை வேகமாகத்தான் கடத்தும். இந்தத் தவறைப் பல கட்டடங்களில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு. வீட்டுக்குள் ஒரு வீடு மாதிரி இரண்டு உறை கட்டி, நடுவில் இடைவெளி விட்டால் தெற்கில் சூடாகும் காற்று கூரை வழியாக வடக்குச் சுவருக்குப் போய், தரைக்கடியில் இறங்கி, தானாகச் சுற்றி முழு வீட்டையும் சூடாக வைக்கும் என்று படித்தேன். மலைப்பகுதி ரிசார்ட் ஒன்றுக்கு இதை டிசைன் செய்யலாமா? (திருச்சி மாணவர்)

தம்பி, யோசனை அழகானது, அதனால்தான் 1970களின் கடைசியில் அமெரிக்காவில் நிறையப் பேர் இதில் மயங்கினார்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு வெயில் வீடுகளுக்கு அங்கே ஒரு பெரிய அலை, அதில் லீ போர்ட்டர் பட்லர் என்ற கட்டடக் கலைஞர் இந்த இரட்டை உறை வீட்டைப் பிரபலமாக்கினார். கட்டியவர்கள் பலரும் வீடு வெதுவெதுப்பாக இருக்கிறது, செலவு குறைந்துவிட்டது என்றார்கள், அது பொய்யில்லை. ஆனால் கருவி வைத்து அளந்தபோது, சுற்றி வரும் என்று சொன்ன காற்று தரைக்கடி மண்ணுக்குள் இறக்கி வைத்த சூடு சொற்பம் என்று தெரிந்தது. வீடு வெதுவெதுப்பாக இருந்ததற்குக் காரணம் எளியது, இரண்டு சுவர், இரண்டு கூரை, இரண்டிலும் பஞ்சு, தெற்கே ஒரு கண்ணாடி அறை. ஒரே சுவரில் அதே பஞ்சைக் கனமாக வைத்து இடுக்குகளை அடைத்திருந்தால் குறைந்த செலவில் அதே பலன் வந்திருக்கும்.

அதைவிட எனக்குப் பயம், தீ. கீழிருந்து கூரை வரை தடையில்லாமல் திறந்து கிடக்கும் இடைவெளி, தீப்பிடித்தால் புகைபோக்கிதான். ரிசார்ட்டில் விருந்தாளிகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வேண்டாம்.

அந்த நேரத்திலேயே வேறு வழியில் போனவர்களைப் படி. கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் சஸ்காச்சவன் கன்சர்வேஷன் ஹவுஸ் என்று ஒரு வீடு கட்டினார்கள், கனமான பஞ்சு, காற்றுப் புகாத உறை, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் பெட்டி. அந்த வழியில் மேலும் போய் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வொல்ஃப்கேங் ஃபைஸ்ட் 1991இல் முதல் பாசிவ் ஹவுஸை முடித்தார். அந்தத் தரத்துக்கு இன்றும் உள்ள கணக்கு, ஒரு சதுர மீட்டருக்கு வருடத்தில் 15 யூனிட் சூடு போதும் என்பது. நூறு சதுர மீட்டர் வீட்டுக்கு முழுக் குளிர்காலத்துக்கும் 1,500 யூனிட், ஜெர்மனிக் குளிரில்! காற்றைச் சுற்றவிட்டு அவர்கள் இதைச் சாதிக்கவில்லை, நிறுத்தித்தான் சாதித்தார்கள். மூச்சுவிடத் தேவையான காற்றை மட்டும் அளந்து, தெரிந்த வழியில் விடுகிறார்கள்.

கேள்வி: கொடைக்கானலில் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறோம். குளிருகிறது என்று கேட்கிறவர்களுக்கு இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக் கொடுக்கிறோம். நீங்கள் சொல்கிறபடி இடுக்கு எல்லாம் அடைத்துவிட்டால் கரி குறைவாகப் போதும் அல்லவா? (கொடைக்கானல் வாசகர்)

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இடுக்கு அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் அறைக்குள் கரிச் சட்டி கூடவே கூடாது. கரி கங்காக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது, தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் எழுந்திருக்க மாட்டார்கள். இடுக்கை அடைத்தால் இன்னும் சீக்கிரம். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அடுத்த இதழ் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். விருந்தாளிக்கு வெந்நீர்ப் பை ஒன்றும் கூடுதலாக ஒரு ரஜாயும் கொடுங்கள், கிழக்குப் பார்த்த அறையை முதலில் கொடுங்கள், சாயங்காலம் நாலரைக்கே போய்த் திரையை மூடிவிட்டு வாருங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் கையால் செய்து பார்க்க இதில் ஏதாவது சோதனை உண்டா? செலவு ஆகக் கூடாது.

உண்டு டீச்சர். ஒரே அளவில் இரண்டு அட்டைப் பெட்டி, உள்ளே கறுப்புத் தாள், மேலே பழைய கண்ணாடித் துண்டு (ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள், கை அறுக்கும்). ஒன்றைக் காலியாக விடுங்கள், இன்னொன்றில் தண்ணீர் நிரப்பிக் கறுப்பு அடித்த பாட்டில்கள் நாலு. இரண்டிலும் ஒரு தெர்மாமீட்டர், காய்ச்சல் பார்க்கிறது ஆகாது, லேபில் இருக்கிறதே அது. காலை ஒன்பது மணிக்குத் தென்கிழக்குப் பார்த்து வெயிலில் சாய்த்து வைத்து, மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுப்பகலில் காலிப் பெட்டிதான் ஜெயிக்கும், பிள்ளைகள் அதோடு முடிவு கட்டிவிடுவார்கள், விடாதீர்கள். பிற்பகலில் பெட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, இரண்டின் மேலும் ஒரே மாதிரிக் கம்பளி போர்த்திவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை பள்ளி முடியும் வரை பார்க்கட்டும். அடுத்த நாள் அதே சோதனையைக் கம்பளி இல்லாமல், மூன்றாம் நாள் பெட்டியின் பக்கத்தில் பென்சில் நுழைகிற ஒரு துளை மேலே, ஒன்று கீழே போட்டு.

மூன்று நாள் அளவையும் பிள்ளைகள் கையெழுத்திலேயே எனக்கு அனுப்பி வையுங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.